பூஜ்யத்துக்கு வட்டி கிடையாது

வட்டி என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பாங்க் வட்டி, நகைக்கடன் வட்டி, கந்து வட்டி, மணிக்கு மணி ஏறும் மீட்டர் வட்டி... அதில்தான் எத்தனை ரகம்! ஆனால் மீட்டர் வட்டிக்காரரே வெட்கப்பட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொள்ளும்படி ஒரு வட்டி இருக்கிறது சார். நூறு சதவீதம். வருஷத்துக்கு அல்ல, மாசத்துக்கு அல்ல, சில நிமிஷத்துக்கு ஒரு தரம்! அசலும் வட்டியும் சேர்ந்து மறுபடி இரட்டிப்பு. அந்த இரட்டிப்பும் மறுபடி இரட்டிப்பு.

கணக்கில் ருசி உள்ளவர்களுக்காக: ஒரு ரூபாய் பத்து தரம் இரட்டித்தால் 1,024 ரூபாய். இருபது தரம் என்றால் 10,48,576. முப்பது தரம் என்றால் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். ஒரு சினிமா பார்த்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

இந்த வட்டிக்கடையின் பெயர் பி.சி.ஆர். 'பாலிமரேஸ் செயின் ரியாக்‌ஷன்' என்று முழுப்பெயர் சொன்னால் பயமாக இருக்கும். ஆனால் உங்களுக்கு இவர் புதுசு இல்லை. 2020-ல் மூக்குக்குள் நீளமாகக் குச்சியை விட்டுக் கண்ணில் நீர் வர வைத்தார்களே, ஆர்.டி.பி.சி.ஆர்., அதே குடும்பம்தான். அங்கே பெருக்கியது வைரஸின் சரக்கை. போலீஸ் கேஸில் பெருக்குவது ரத்தக்கறையில் இருக்கும் டி.என்.ஏ.வை.

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையால் வந்த வினை. பேப்பரில் ஏதோ கொலைச் செய்தி. படித்துக்கொண்டிருந்த ஒருவர் மடித்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இனிமே எவனும் தப்பிக்க முடியாதுங்க. ஒரு சொட்டு ரத்தம் கிடைச்சா போதும், டி.என்.ஏ. எடுத்து ஆளைத் தூக்கிடுவாங்க." பக்கத்தில் இருந்தவர் ஒரு படி மேலே போனார்: "டி.என்.ஏ. இல்லைன்னா கேஸே பொய்னு அர்த்தம்." கடை மொத்தமும் தலையாட்டியது. மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஆட்டினார்.

முதல் ஆசாமி சொன்னது பாதி சரி. ரெண்டாவது ஆசாமி சொன்னது முழுத் தப்பு. அதுவும் தர்மபுரி மண்ணில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடாத தப்பு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் கடையைச் சுற்றிப் பார்த்துவிடலாம், வாங்க.

ரத்தம் என்றதும் சிவப்புதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சிவப்பணுவில் டி.என்.ஏ. கிடையாது. உட்கருவே இல்லாத ஆசாமி அவர். சரக்கு எல்லாம் வெள்ளையணுவிடம். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கில், சாதாரணமாக 4,000 முதல் 11,000 வெள்ளையணுக்கள் இருக்கும். பரிசோதனைக்குத் தேவைப்படுவது சுமார் ஒரு நானோகிராம் டி.என்.ஏ. அது 150 செல்லில் கிடைத்துவிடும். கொசுவை அடித்தால் கையில் ஒரு சிவப்புப் பொட்டு வருமே, அந்த அளவு கறை தாராளம்.

அந்த 150 செல்லில் இருப்பதைக் கண்ணால் பார்க்கவோ அளக்கவோ முடியாது. எனவே பெருக்க வேண்டும். ஒரு சின்னக் குழாயில் அதைப் போட்டு, 94, 95 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சரம் ஜிப்பைத் திறந்த மாதிரி ரெண்டாகப் பிரிகிறது. அப்புறம் 60 டிகிரி வாக்கில் ஆறவிட்டால், 'பிரைமர்' என்ற குட்டித் துண்டுகள் போய், 'இங்கே இருந்து இதுவரைக்கும் காப்பி எடு' என்று அடையாளம் காட்டி ஒட்டிக்கொள்கின்றன. 72 டிகிரியில் ஒரு நொதி வந்து ஒவ்வொரு சரத்துக்கும் ஜோடிச் சரத்தைக் கட்டுகிறது. ஒன்று ரெண்டாச்சு. மறுபடி சூடு, மறுபடி ஆறல். ரெண்டு நாலாச்சு. ஏறக்குறைய முப்பது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் துல்லியமாக ரெண்டு மடங்கு வந்துவிடாது, கொஞ்சம் குறையும். எந்த வட்டிக்கடையில்தான் முழு வசூல் நடந்திருக்கிறது?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவ்வளவு சூட்டில் சாதாரண நொதி வெந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதுசாக ஊற்ற வேண்டும். அமெரிக்காவில் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் குளிர்காய்ந்துகொண்டிருந்த ஒரு பாக்டீரியாவைத் தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி 1960-களில் கண்டுபிடித்திருந்தார். கொதிக்கிற தண்ணீரிலேயே குடித்தனம் நடத்துகிறவரின் நொதி 95 டிகிரிக்கா பயப்படும்? 'டாக்' என்ற பெயரில் அதைக் குழாயில் விட்டார்கள். ஒரு தரம் ஊற்றினால் முப்பது சுற்றுக்கும் போதும்.

யோசனை பிறந்த கதை ஆபீஸ்வாசிகள் கட்டாயம் கேட்க வேண்டியது. 1983-ல் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கலிபோர்னியாவில் மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டு போனார் கேரி முல்லிஸ். பக்கத்து ஸீட்டில் காதலி தூக்கம். திடீரென்று மண்டையில் பல்பு. காரை ஓரங்கட்டிக் கணக்குப் போட்டார். வேலை பார்த்த ஸீட்டஸ் கம்பெனி பூரித்துப்போய் 10,000 டாலர் போனஸ் கொடுத்தது. 1991-ல் அதே கம்பெனி அந்த உரிமையை ஹாஃப்மன் லா ரோஷுக்கு விற்றது, 30 கோடி டாலருக்கு! போனஸைப் போல் முப்பதாயிரம் மடங்கு. தீபாவளி போனஸ் குறைந்துவிட்டதே என்று மூக்கைச் சிந்துகிற நண்பர்கள் முல்லிஸை நினைத்துக்கொள்ளவும். (1993-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு அந்த ஆறுதலும் இல்லை என்பது வேறு விஷயம்.)

சரி, பெருக்கிவிட்டு எதைப் பார்க்கிறார்கள்? மனுஷனுக்கு மனுஷன் டி.என்.ஏ. கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். கலெக்டரும் களி கிண்டுகிறவரும் 99.9 சதவீதம் ஒன்று. ஆனால் சில இடங்களில் நாலெழுத்து வார்த்தை ஒன்று திரும்பத் திரும்ப வரும், சீடி தேய்ந்து பாட்டு ஒரே இடத்தில் சிக்கிக்கொண்ட மாதிரி. ஒருத்தருக்கு ஏழு தரம், இன்னொருத்தருக்கு ஒன்பது தரம். ஒவ்வொரு இடத்துக்கும் அம்மா வழியில் ஒரு எண், அப்பா வழியில் ஒரு எண். இப்படி இருபது இடத்தில் எண்ணிக்கை எடுத்தால், அந்த வரிசை வேறொருவருக்கு அப்படியே அமைவது மகா அபூர்வம். ஒரே கருவில் பிறந்த இரட்டையர் மட்டும் விதிவிலக்கு.

இவ்வளவும் கேட்டால் டீக்கடைக்காரர் ஜெயித்த மாதிரிதான் தெரியும். பொறுங்கள். இந்த வட்டிக்கடைக்கு மூன்று வியாதி உண்டு.

முதல் வியாதி, சட்டென்று கோபித்துக்கொள்ளும். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் கூடவே வந்துவிட்டால் நொதி படுத்துவிடும். மண்ணில் இருக்கும் சில அமிலங்களும் அப்படியே. நீங்கள் ஆசையாகப் போட்டுக்கொள்ளும் நீல ஜீன்ஸின் சாயம் இருக்கிறதே, இண்டிகோ, அதுவும் நொதிக்கு எதிரி. ஆகவே முதலில் கழுவிச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் குழாய்கூட முக்கியம். ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாய் சரி. பச்சை மூடி ஹெபாரின் குழாய் என்றால் அந்த ஹெபாரினே வேலையைக் கெடுக்கும். கறை பட்ட சட்டையை ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டினால், உள்ளே பூஞ்சையும் பாக்டீரியாவும் விருந்து சாப்பிட்டுவிடும். நிழலில் காயவைத்துப் பேப்பர் கவரில் போட வேண்டும். நாலு ரூபாய் பழுப்புக் கவர், லட்ச ரூபாய் மெஷினைக் காப்பாற்றும் என்பது இதுதான்.

ரெண்டாவது வியாதி, ஆள் பார்க்காது. பாலுக்கு உறை ஊற்றுகிறோம். ஒரு கரண்டி மோர் சட்டி முழுக்கப் பாலைத் தயிராக்கிவிடுகிறது. அந்தக் கரண்டியில் புளித்தண்ணி ஒட்டியிருந்தால்? பி.சி.ஆர். அப்படித்தான். குற்றவாளியின் டி.என்.ஏ.வையும் பெருக்கும், தும்மின கான்ஸ்டபிளின் டி.என்.ஏ.வையும் அதே விசுவாசத்தோடு பெருக்கும்.

ஜெர்மனியில் நடந்தது உலகப் பிரசித்தம். 1993-லிருந்து ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. கொலை, திருட்டு, எதுவும் பாக்கி இல்லை. 2007-ல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக்கொல்லப்பட்ட இடத்திலும் அதே அம்மணி! தலைக்கு 3 லட்சம் யூரோ பரிசு. ராஜ்யம் ராஜ்யமாகத் தேடினார்கள். 2009-ல் பிடிபட்டது யார் தெரியுமா? பஞ்சுக் குச்சி. தடயம் எடுக்கும் குச்சிகளைப் பேக் செய்த தொழிற்சாலைப் பெண்ணின் டி.என்.ஏ. அதில் ஒட்டியிருந்தது. கிருமி இல்லாமல்தான் குச்சியைச் சுத்தம் செய்திருந்தார்கள். கிருமி இல்லை என்பதும் டி.என்.ஏ. இல்லை என்பதும் வேறு வேறு! பாவம், அந்தப் பெண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கொள்ளைக்காரி ஆகிவிட்டார்.

எனவேதான் மெஷினைவிட முக்கியம், அந்தச் சரக்கு யார் யார் கை மாறி வந்தது என்ற கணக்கு. இங்கேதான் சார், நம்ம பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. ஸ்டாக் ரிஜிஸ்டர்! எந்தத் தேதி, எத்தனை மணி, எடுத்தது யார், சீல் வைத்தது யார், வாங்கியது யார், எங்கே வைத்தார், எப்போது லேபுக்குப் போனது. ஒரு வரி விட்டுப்போனால் ஆடிட்டர் சிவப்பு மையால் சுழிப்பார்.

சுப்ரீம் கோர்ட் சுழித்தது. 2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் ஒரு இளம் ஜோடி கொல்லப்பட்டார்கள். ஒருவர் கைதானார். 2018-ல் கீழ்க் கோர்ட் மரண தண்டனை விதித்தது. ஐகோர்ட்டும் உறுதி செய்தது. 2025 ஜூலை 15-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. காரணங்களில் முக்கியமான ஒன்று, டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டைகள். அதோடு நிற்காமல் நாடு முழுவதுக்கும் விதி வகுத்தது. மாதிரியை எடுத்தால் வழக்கு எண்ணோடு ஆவணம் வேண்டும். டாக்டர், விசாரணை அதிகாரி, தனிச் சாட்சிகள் கையெழுத்து வேண்டும். எடுத்த 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். விசாரணைக் கோர்ட் அனுமதி இல்லாமல் கவரைத் திறக்கக்கூடாது. எடுத்ததிலிருந்து தீர்ப்பு வரைக்கும் கைமாறிய விவரம் ஒரு ரிஜிஸ்டரில் ஏற வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷன் தூக்குக்கயிற்றின் நிழலில் வருஷக்கணக்காக இருந்தான். செத்துப்போன ரெண்டு பிள்ளைகளின் வீட்டில் பதினாலு வருஷம் கழித்தும் 'யார் செய்தது' என்பதற்குப் பதில் இல்லை. ரெண்டு பக்கமும் நஷ்டம். கணக்குப் புத்தகம் சரியாக இல்லாவிட்டால் வருகிற நஷ்டம் இப்படித்தான், யார் பக்கமும் லாபம் எழுதாது.

இப்போது மூன்றாவது வியாதி. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன். அசல் பூஜ்யம் என்றால், முப்பது சுற்று அல்ல, முந்நூறு சுற்று ஓட்டினாலும் பூஜ்யம்தான்.

தர்மபுரி மாவட்டம் அரூர் தாலுகா, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் கிராமம். 1992 ஜூன் 20-ம் தேதி, கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் படையாகப் புகுந்தார்கள். அடித்தார்கள். வீடுகளை நாசமாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். ஊர் ஜனங்கள் அரூர் வனத்துறை ஆபீசுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு சேலம் ஜெயிலுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த இடத்தில் தமாஷுக்கு வேலை இல்லை.

அப்போது விஞ்ஞானம் இல்லையா? இருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தில் லால்ஜி சிங்கின் டி.என்.ஏ. ரேகைச் சோதனை விசாரணைக்கு உதவியது. ரசாயனத் தடயம் பார்க்கும் அரசு ஆபீஸ் மதராஸில் 1849-லேயே தொடங்கியாச்சு. ஆக, மெஷின் இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் வாச்சாத்தியில் குற்றம் சாட்டப்பட்டவர்களே சீருடைக்காரர்கள். தடயத்தை எடுத்து, கவரில் போட்டு, சீல் வைக்க வேண்டிய கையும் அரசாங்கத்தின் கை. யார் எடுப்பது, யாருக்கு எதிராக எடுப்பது? சி.பி.ஐ. விசாரணைக்கு ஐகோர்ட் உத்தரவு போட்டது 1995-ல். அதற்குள் அந்த ஏரிக்கரையில் எத்தனை மழை பெய்திருக்கும்!

இந்த வழக்கைத் தாங்கி நிறுத்தியது சோதனைக்குழாய் அல்ல. சாட்சிக்கூண்டில் ஏறி, 'இவர்தான்' என்று சொன்ன பெண்களின் வாய். மிரட்டலுக்கும் வருஷங்களுக்கும் கரையாத வாய். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மிச்சம் 215 பேரையும் 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக. 2023-ல் ஐகோர்ட் நீதிபதி வேல்முருகன் நேரிலேயே கிராமத்துக்கு வந்து பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பர் 29-ல் அப்பீல்களைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். சம்பவத்துக்கும் அதற்கும் நடுவில் முப்பத்தோரு வருஷம்.

"டி.என்.ஏ. இல்லைன்னா கேஸே பொய்" என்று டீக்கடையில் சொன்னவரிடம் நான் சொல்ல நினைப்பது இதுதான். பில் இல்லை என்பதால் செலவே ஆகவில்லை என்று எந்தக் கணக்குப்பிள்ளையாவது எழுதுவானா? ரிப்போர்ட்டில் பூஜ்யம் வந்தால் அதற்கு ரெண்டு அர்த்தம் உண்டு. அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒன்று. நடந்ததை யாரும் குனிந்து பொறுக்கவில்லை என்பது இன்னொன்று. மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும். அதே மாதிரி, கறை ஒருத்தருடையது என்று மெஷின் சொன்னாலும், அது எப்போது, எப்படி அங்கே விழுந்தது என்று சொல்லாது. அதற்கும் மனுஷ சாட்சிதான் வேண்டும்.

இப்போது சட்டம் மாறியிருக்கிறது. பாலியல் வழக்கில் கைதானவரிடம் டி.என்.ஏ. மாதிரி எடுக்க 2005-ம் வருஷத் திருத்தத்திலேயே வழி வந்துவிட்டது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் தடய நிபுணரே சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. இதை மாநிலங்கள் அமல்படுத்த ஐந்து வருஷ அவகாசமும் கொடுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஆஸ்பத்திரி, அரசாங்கமோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். வீட்டில் பதறிப்போய் முதலில் துணியைத் துவைத்துவிடுவார்கள். துவைக்க வேண்டாம் என்று ஒருத்தர் சொல்லிக் கொடுத்தால்கூடப் பெரிய புண்ணியம்.

அப்புறம் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு, சாட்சிக் கையெழுத்து. நாளைக்கு ஆபீஸ் போகிற வழியில் ஏதோ கூட்டம். எட்டிப் பார்க்கிறீர்கள். நாலு எழுத்துப் படித்த முகம் என்று ஏட்டையா உங்களைப் பிடித்துக்கொள்வார். "சார், ஒரு நிமிஷம், இந்த மகஜர்ல சாட்சிக் கையெழுத்து" என்று பேப்பரை நீட்டுவார். ஓடிவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டும் விடாதீர்கள். என்னென்ன எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறதா? தேதி, மணி, இடம்? கவர் ஒட்டி சீல் வைத்தாச்சா? பேப்பர் கவரா, பாலிதீனா? எழுதாத பேப்பர் என்றால், "எழுதுங்க ஐயா, நிற்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

அரை மணி லேட்டாகும். ஆபீஸில் மானேஜர் முறைப்பார். அரை நாள் சி.எல். போகும். பரவாயில்லை, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.